செங்கல்பட்டு பேனலுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

1931இல் மின்மயமாகி 2004 வரை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிய மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாள) ரயிலின் நினைவாக, எழும்பூர், தாம்பரம், செங்கல்பட்டு ஆகிய நிலையங்களை 1:87 அளவில், 12 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் மாதிரி ரயிலாக அமைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். எந்தப் பாயிண்ட் (வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் நகரும் தண்டவாளம்) எந்தப் பக்கம் கிடக்கிறது, எந்த லூப் லைன் (நிலையத்தில் வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கத் தடம்) காலியாக இருக்கிறது, எந்த எஞ்சினை ஓட்ட எந்த எண் என்பதையெல்லாம் இதுவரை வந்தவர்கள் என்னிடம் கேட்டுக் கேட்டே வண்டி ஓட்டினார்கள். இப்போது முதன்முறை வருபவர்கூட முன்விளிம்பில் உள்ள பேனலை, அதாவது விளக்கும் பொத்தானும் கொண்ட கட்டுப்பாட்டுப் பலகையை, பார்த்துத் தாமே வண்டியை நிலையத்துக்குள் வாங்கி, வெளியே அனுப்புகிறார் என்றால், அதற்கு நீங்களே காரணம்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா அவர்களுக்கு. பேனலில் வரையும் தண்டவாளப் படம், அதன்முன் நிற்பவரின் இடக்கை வலக்கைக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்பதிலும், ஒவ்வொரு பாயிண்டுக்கும் எண் எழுதியிருக்க வேண்டும் என்பதிலும் அவர் சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ரூட் (வண்டி செல்லும் வழி) அமைந்தால் வெள்ளை, வண்டி நின்றால் சிவப்பு என்று அவர் பணியில் பழகிய வண்ணங்களையே நாங்களும் பின்பற்றினோம். எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் பாயிண்டுக்கு இருபக்கமும் தள்ளும் ஒரு டாகிள் சுவிட்ச் போதும் என்ற ஐயா, அரக்கோணம் கிளைப்பாதை பிரியும் செங்கல்பட்டுக்கு மட்டும், உண்மையான பேனலைப் போலவே சிக்னல் பொத்தானையும் ரூட் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் வழி அமைய வேண்டும் என்றார். அந்த ஒரு சொல்லால்தான் எங்கள் செங்கல்பட்டு ஒரு நிலையமாக நடந்துகொள்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதைச் செய்து காட்டியவர் எதிர்வீட்டுப் பொறியியல் மாணவி. தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் செல்லும் கம்பியை ஒரு சிறு சுருளுக்குள் நுழைத்து, அதில் மின்னோட்டம் இருக்கிறதா என்று ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை பார்க்கும்படி அவர் அமைத்தார். எஞ்சின் மின்சாரம் இழுப்பதால் உடனே தெரிந்துவிடும். கழன்று தனியே நிற்கும் பெட்டி தெரியாது. ஆகவே பெட்டியும் சிறிதளவு மின்சாரம் இழுக்கும்படி, பெட்டிகளின் அச்சில், இரு சக்கரங்களையும் இணைக்கும்படி 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை அவரே பொறுமையாக ஒட்டினார். வண்டி நிற்கும் பகுதியில் இருக்கும் பாயிண்ட் இனி பொத்தானை அழுத்தினாலும் அசையாது. தேர்வுக் காலத்திலும் நேரம் ஒதுக்கிய அந்தத் தங்கைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ரிச்சி தெரு மின்னணுப் பொருள் கடைக்கார அண்ணன், கேட்ட பொருளை எடுத்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. 12 வோல்ட்டில் எல்.இ.டி.க்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடும், பேனலுக்கு அந்த வெளிச்சமே தாராளம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பாயிண்டைத் தள்ளி முடித்து அப்படியே அழுத்திக்கொண்டு நிற்கும் வகை மோட்டார், நின்ற நிலையிலும் 15 மில்லி ஆம்பியர் அளவே எடுப்பதால், அதே கம்பியில் இரண்டு எல்.இ.டி.க்களை எதிரெதிராகக் கோத்தால் பேனல் விளக்குகளுக்குத் தனி இணைப்பே தேவைப்படாது என்ற யோசனையும் அவருடையதே.

அக்ரிலிக் பலகையை லேசரில் வெட்டி எழுத்துப் பொறித்த தம்பிக்கும், நிற்பவரின் இடுப்பில் இடிக்காதவாறு பலகையைச் சாய்த்துப் பொருத்திய ஆசாரி அவர்களுக்கும் நன்றி.

நிற வேறுபாடு எளிதில் பிடிபடாத நண்பர் ஒருவர், சிவப்பை வட்டமாகவும் வெள்ளையை நீண்ட கோடாகவும் வைத்தால் தமக்கும் பயன்படும் என்று தயங்காமல் கேட்டார். அவர் கேட்டது அனைவருக்குமே உதவுகிறது. மங்கிய வெளிச்சத்தில் வடிவம்தான் முதலில் கண்ணில் படுகிறது. எஞ்சினுக்கு ஓர் அட்டை என்று எழுதி, அதன் எண், விளக்குக்கும் விசிலுக்கும் உரிய பொத்தான்கள், அது எந்த வண்டியை இழுக்கும் என்பவற்றைத் தமிழில் தந்து, அட்டைகளைச் செருக ஒவ்வொரு நிலையத்திலும் பை தைத்துக் கொடுத்த என் அண்ணிக்கும் மனமார்ந்த நன்றி.

காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் செல்லும் அந்தக் கிளைப்பாதைக்கான சிறு பேனல் மட்டும் இன்னும் மீதி இருக்கிறது. அதன் படத்தை வரைந்து வைத்திருக்கிறேன். பலகையை வெட்டுவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா ஒருமுறை வந்து பார்த்துத் திருத்தித் தர வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
மேற்கு மாம்பலம், சென்னை