கூட்டம் அன்றைக்கே வந்தது: ஃபிஃபாவுக்கு ஒரு திறந்த மடல்

ஃபிஃபா தலைவருக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

பெண்கள் கால்பந்து 'இப்போதுதான் வளர்ந்து வருகிறது' என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

1920 டிசம்பர் 26. லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்துக்குள் 53,000 பேர். இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் வாசலோடு திரும்பினார்கள். ஆடியது டிக் கெர் லேடீஸ் அணி. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரஸ்டன் ஆலையில் வெடிகுண்டு தயாரித்த பெண்கள் ஆரம்பித்த அணி அது. போரில் ஊனமான முன்னாள் வீரர்களுக்காக நிதி திரட்டித்தான் அன்று ஆடினார்கள். ஒரு வருஷம் முடிவதற்குள், 1921 டிசம்பர் 5 அன்று, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதே இல்லை என்று சொல்லி இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. மறுபடி திறக்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆனது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டமே தடுத்தது. மேற்கு ஜெர்மனியிலும் தடை இருந்தது.

அப்புறம் 1971. மெக்சிகோவின் அஸ்டெகா மைதானம், ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனம். நீங்கள் நடத்தாத பெண்கள் உலகக் கோப்பைப் போட்டி அது. இறுதி ஆட்டத்தில் மெக்சிகோவை டென்மார்க் 3-0 என்று வென்றது. மூன்று கோலையும் போட்ட சுசான் அகஸ்டசனுக்கு வயது 15! உங்கள் உலகக் கோப்பைக் கணக்கில் அந்தப் போட்டிக்கு இடமில்லை. 1991இல் சீனாவில் நீங்கள் தொடங்கியதுதான் முதலாவதாம். அதிலும் ஆட்டத்துக்கு 80 நிமிடம்தான் கொடுத்தீர்கள். மீதிப் பத்து நிமிடம் அவர்களால் ஓட முடியாது என்று யார் முடிவு செய்தது?

2022இல் பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் பெண்கள் ஆட்டம் ஒன்றைப் பார்க்க 91,648 பேர் வந்தார்கள். சரி, பரிசுப் பணம்? 2022 ஆண்கள் உலகக் கோப்பைக்கு 44 கோடி டாலர். 2023 பெண்கள் கோப்பைக்கு 11 கோடி. 2027இல் சமமாக்குவதே இலக்கு என்று நீங்களே சொன்னீர்கள். அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள்.

2027 போட்டி பிரேசிலில், பெண்கள் பந்தைத் தொடக் கூடாது என்று சட்டம் வைத்திருந்த அதே நாட்டில் நடக்கப்போகிறது. 1971இல் ஆடியவர்களை அங்கே மேடைக்கு அழைத்து, அவர்கள் போட்டியை உங்கள் வரலாற்றில் எழுதுங்கள். அன்று 15 வயதாக இருந்தவருக்கே இப்போது எழுபதை ஒட்டிய வயது.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகை