காவலூர் வான்நோக்குப் பயணம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு

ஊத்தங்கரை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். மாசி அமாவாசைக்கு முந்தைய சனிக்கிழமையன்று ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரை ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வான்நோக்ககத்திற்கு அழைத்துச் செல்ல முன் அனுமதி பெற்றுள்ளோம். பேருந்துச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்றுக்கொண்டுள்ளது.

சென்ற மாதம் ஒரு மாலை இவ்வகுப்பினரைப் பள்ளித் திடலில் நிறுத்திக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எண்ணச் சொன்னேன். சாலைச் சந்திப்பின் உயர்கோபுர விளக்கு வெளிச்சத்தில் பெரும்பாலோருக்கு மூன்று புள்ளிகளே தெரிந்தன. மலையோரச் சிற்றூரிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும், "எங்க ஊர்ல ஆறு தெரியும் சார்" என்றாள். ஜாதகத்தில் ரோகிணி என்றும் திருவாதிரை என்றும் எழுதி வைத்திருக்கிறோம். அந்தத் திருவாதிரை செந்நிறமாக ஒளிர்வதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அன்று முன்னிரவில் அவ்விரண்டும் உயரத்தில் நிற்கும். தெற்கே அகத்திய நட்சத்திரமும் தெரியும். தேய்பிறை நிலவு நள்ளிரவுக்குப் பின்னரே எழும் என்பதால்தான் இந்த நாளைத் தேர்ந்தோம்.

1986 இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட, 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கியைப் பகலிலேயே காண்பார்கள். அது ஆராய்ச்சிக்குரியது. ஆகவே அதன் வழியே பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம். இரவில் சிறிய தொலைநோக்கி வழியாகவும் வெறுங்கண்ணாலும் பார்ப்பார்கள்.

இருட்டுக்குக் கண் நன்கு பழக ஏறத்தாழ அரைமணி நேரமாகும். ஒருவர் செல்பேசியை ஒரு நொடி திறந்தாலும், அருகிலிருப்பவர்கள் எல்லோரும் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதாகும். ஆகவே செல்பேசி கொடுத்தனுப்ப வேண்டாம். அவசரத் தேவைக்கு வகுப்பாசிரியரின் எண் உங்களிடம் உள்ளது. டார்ச் கொடுப்பதாயின், மிட்டாய் சுற்றி வரும் சிவப்புக் கண்ணாடித்தாளை அதன் முகத்தில் இரண்டு மடிப்பாகக் கட்டிக் கொடுங்கள்; சிவப்பு வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. மலையில் இரவு குளிரும். ஸ்வெட்டரோ போர்வையோ அவசியம். வளைவுச் சாலையில் வாந்தி வரும் பிள்ளைகள் முன்னிருக்கையில் அமர முன்கூட்டியே தெரிவிக்கவும்.

ஒன்றை வெளிப்படையாகவே எழுதுகிறேன். சென்ற ஆண்டு இதே போன்ற இரவுப் பயணத்திற்கு மாணவர்கள் ஏறக்குறைய அனைவரும் வந்தார்கள். மாணவியர் ஐவர் மட்டுமே வந்தனர். "ராத்திரி நேரம், பெண் பிள்ளை" என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. அதனால் இம்முறை ஆசிரியைகள் மூவர் உடன் வருகிறார்கள். விருப்பமுள்ள தாய்மார் இருவருக்கும் பேருந்தில் இடம் ஒதுக்கியுள்ளோம். கார்த்திகையில் ஆறு விண்மீன் தெரியும் என்று சொன்ன அந்த மாணவியின் பெயர் இன்னும் பட்டியலில் ஏறவில்லை.

பேருந்து பிற்பகல் ஒரு மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்படும். திரும்ப நள்ளிரவு கடந்துவிடும். நீங்களோ நீங்கள் எழுத்தில் குறிப்பிட்டவரோ நேரில் வந்தால் மட்டுமே பிள்ளையை அனுப்புவோம். வானம் மூட்டமாக இருந்தால் பயணம் பங்குனி அமாவாசையை ஒட்டித் தள்ளிவைக்கப்படும். இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தைக் கையொப்பமிட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்