செத்தவள் மூச்சு விட்டால் பரவாயில்லை: ஸ்லாஷர் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கையில் காசில்லாமல் ஸ்லாஷர் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும், அவர்களோடு ராத்திரி முழுக்கக் கண்விழிக்கும் ஒளிப்பதிவாளர்கள், மேக்கப் கலைஞர்கள், எடிட்டர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் படங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு. காலையில் யாராவது என்ன படம் பார்த்தாய் என்று கேட்டால் வேறு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். முகமூடிக்காரன் ஒருவன் கத்தியோடு வந்து ஆட்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் படத்தை விரும்பிப் பார்க்கிறேன் என்று சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்தை இன்றோடு விட்டுவிடுகிறேன். உங்களிடம் சொல்ல எனக்கு முக்கியமான விஷயம் இருக்கிறது.

சமீபத்தில் பார்த்த ஒரு படத்திலிருந்து தொடங்குகிறேன். பெயர் வேண்டாம். காட்டுக்குள் ஒரு வீடு, ஐந்து பேர், ஒரு முகமூடி. மூன்றாவது கொலை சமையலறையில் நடக்கிறது. அந்தப் பெண் கண் திறந்தபடி தரையில் கிடக்கிறாள். கேமரா மெதுவாக அவள் முகத்தை நோக்கி நகர்கிறது. அவள் வயிறு ஏறி இறங்குகிறது. மூச்சை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை; ஷாட் அவ்வளவு நீளம். இமை ஒருமுறை துடிக்கிறது. கழுத்துக் காயத்தின் ஓரத்தில் ஒட்டிய ரப்பர் தோல் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நினைத்திருந்தால் எடிட்டர் நாலைந்து விநாடி முன்னாலேயே வெட்டியிருக்கலாம். ஆனால் இயக்குநருக்கு அந்த மெதுவான நகர்வு முழுசாக வேண்டியிருந்தது. அது முடிகிற இடத்தில்தான், அவள் தலைக்குப் பின்னால் இருக்கும் கதவு இடுக்கில் ஒரு கால் தெரிகிறது. கொலைகாரன் இன்னும் போகவில்லை. எனக்கு முதுகு சில்லிட்டது. செத்தவள் மூச்சு விடுவதைப் பார்த்த பிறகும் சில்லிட்டது.

இதே மாதிரிக் கதையோடு இன்னொரு படமும் பார்த்தேன். அதில் நீளக் கம்பில் மாட்டிய பூம் மைக் வேண்டுமென்றே ஃப்ரேமுக்குள் இறங்குகிறது. விரலில் பட்ட கீறலிலிருந்து ரத்தம் கூரை வரைக்கும் பீய்ச்சுகிறது. சாகப் போகிறவனே கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். பட்ஜெட் இல்லை என்பதை நாங்கள் சொல்வதற்கு முன்னால் தாங்களே சொல்லிச் சிரித்துவிட வேண்டும் என்ற அவசரம் படம் முழுக்கத் தெரிகிறது. நாற்பது நிமிடத்தில் அணைத்துவிட்டேன்.

நான் கேட்பது இதுதான். தயவுசெய்து வேண்டுமென்றே மோசமாக எடுக்காதீர்கள். இந்த வகைப் படத்தில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷம் எல்லாம், இல்லாததை வைத்துக்கொண்டு ஒருவர் முழு மனசோடு பயமுறுத்தப் பார்க்கிறார் என்பதிலிருந்துதான் வருகிறது.

உங்களுக்கு முன்னால் வந்தவர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்கள்தான். 1978-இல் ஜான் கார்ப்பென்டர் 'ஹாலோவீன்' எடுத்தபோது செலவு ஏறக்குறைய 3 லட்சம் டாலர். கொலைகாரனின் முகமூடி கடையில் மலிவாக வாங்கியது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் முகச்சாயலில் செய்தது. அதற்கு வெள்ளை பெயின்ட் அடித்து, கண் துளைகளைப் பெரிதாக்கினார்கள். ஒரு உணர்ச்சியும் இல்லாத முகம் கிடைத்துவிட்டது. கதை நடப்பது இலையுதிர் காலத்தில், படம்பிடித்ததோ கலிஃபோர்னியாவின் வசந்தத்தில். இலைகளுக்குப் பழுப்பு நிறம் பூசித் தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் பொறுக்கி மூட்டை கட்டி, அடுத்த ஷாட்டுக்கு மறுபடி தூவினார்கள். இசையையும் கார்ப்பென்டரே போட்டார். நாலில் முடிய வேண்டிய தாளம் ஐந்தில் முடிகிறது. அதனாலேயே காது ஓர் இடத்தில் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. கூர்ந்து பார்த்தால் பின்னால் நிற்கும் மரங்கள் பச்சையாகவே இருக்கும். பார்த்திருக்கிறேன். அந்தப் பச்சை ஒருமுறைகூடப் பயத்தைக் குறைக்கவில்லை.

1980-இல் வந்த 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' படத்தில், படுத்திருக்கும் நடிகர் கெவின் பேக்கனின் தொண்டையைத் துளைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து அம்பு வருமே, ஞாபகம் இருக்கிறதா? அவர் கட்டிலுக்குக் கீழே மண்டிபோட்டுத் தலையை மட்டும் மேலே நீட்டியிருந்தார். கழுத்தும் மார்பும் மேக்கப் கலைஞர் டாம் சவீனி செய்த பொம்மை. ரத்தம் வரவேண்டிய நேரம் பார்த்துக் குழாய் கழன்றுகொண்டது. கீழே இருந்த உதவியாளர் அந்தக் குழாயைப் பிடித்து வாயில் வைத்து ஊதினார். ரத்தம் குமிழ்விட்டுக் கொப்பளிக்கிறதே, அது அவருடைய மூச்சு. யாரும் யோசித்து வைத்திருந்ததைவிட நன்றாக வந்தது.

இன்றைக்கும் இப்படி எடுக்க முடிகிறது. 2022-இல் வந்த 'டெரிஃபையர் 2' இரண்டரை லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் நான் மன்னிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். காசில்லாததால் வரும் குறை வேறு, கவனமில்லாததால் வரும் குறை வேறு. பார்க்கிறவனுக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

முதலில் சத்தம். உங்கள் படங்களில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். பாத்திரம் காட்டுக்குள் ஓடுகிறது, குரல் மட்டும் டப்பிங் அறைக்குள் நிற்கிறது. தூரத்தில் கத்துகிறவனும் காதருகே கிசுகிசுக்கிறவனும் ஒரே அளவில் கேட்கிறார்கள். காலடிச் சத்தமே இல்லை. இருந்தால் புல்லில் நடப்பவனுக்கும் மரத்தரையில் நடப்பவனுக்கும் ஒரே 'டொக் டொக்'. கொலைகாரன் எங்கே இருக்கிறான் என்பதை எங்களுக்கு முதலில் சொல்வது காதுதான். அதை ஏமாற்றிவிட்டு, கதவு திறந்ததும் ஸ்பீக்கர் கிழிய ஒரு சத்தம் போட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடும், அவ்வளவுதான். 1960-இல் 'சைக்கோ' குளியலறைக் காட்சியில் கத்தி குத்தும் ஓசைக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். கறுப்பு வெள்ளையில் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். பழமும் சிரப்பும் வாங்க உங்களாலும் முடியும். எந்தப் பழம் சதை மாதிரிக் கேட்கிறது என்று உட்கார்ந்து கேட்டுப் பார்க்கப் பொறுமைதான் வேண்டும்.

இருட்டு அடுத்தது. ஒன்றுமே தெரியாத இருட்டு பயமுறுத்தாது, கண்ணை நோகவைக்கும். ஒரு ஜன்னல் விளிம்பு, ஒரு தோள் கோடு தெரிந்தால் போதும், மிச்சத்தை நானே நினைத்துக்கொள்வேன்.

ரத்தத்தைக் கம்ப்யூட்டரில் போடாதீர்கள். அது சட்டையை நனைப்பதில்லை, சுவரில் வழிவதில்லை, காற்றிலேயே காணாமல் போய்விடுகிறது. சோளச் சிரப்பும் சிவப்புச் சாயமும் கலந்தது வெள்ளைத் துணியில் கொஞ்சம் ரோஸ் நிறத்தில் தெரிந்தாலும் எனக்கு அதுவே மேல். அதில் துளி சாக்லேட் சிரப் சேர்த்தால் நிறம் கனத்துவிடும். அப்புறம் எவ்வளவு காட்டுவது என்ற கேள்வி இருக்கிறது. 1974-இல் வந்த 'த டெக்சஸ் செயின் சா மசாகர்' படத்தில் இறைச்சிக் கொக்கி உடம்பில் இறங்குவதைக் காட்டவே இல்லை. பார்த்தவர்கள் பலர் பார்த்ததாகவே சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, சொல்லக் கஷ்டமான ஒன்று. ராத்திரி தனியாகப் பார்க்கும்போது எனக்கு இரண்டு விதமான கூச்சம் வரும். மலிவான படத்தை ரசிக்கிறேனே என்பது ஒன்று. அதைத்தான் இந்த மடலோடு விட்டுவிட்டேன். இன்னொன்று, ஒரு பெண் சாவதைக் கேமரா பார்க்கிற விதம். ஆண்கள் ஒரே வெட்டில் போய்விடுகிறார்கள். பெண்ணுக்கு மட்டும் ஐந்து நிமிடம், கிழிந்த உடை, உடம்பை மேலிருந்து கீழே தடவிப் பார்க்கும் ஒரு ஷாட். காதலித்தவள் சாகிறாள், அடக்கமானவள் பிழைக்கிறாள். இந்தக் கூச்சம் நியாயமானது, இதை நான் விடப்போவதில்லை. கேரல் குளோவர் என்ற ஆய்வாளர் 1987-இல் எழுதிய கட்டுரையில் கடைசியில் மிஞ்சும் பெண்ணுக்கு 'ஃபைனல் கேர்ள்' என்று பெயர் வைத்தார். கொலைகாரனின் கண்ணில் தொடங்கும் பார்வையாளன் முடிவில் அவளோடு சேர்ந்துகொள்கிறான், அவன் ஆணாக இருந்தாலும், என்பதையும் எடுத்துக் காட்டினார். என் அனுபவமும் அதுதான். அலமாரிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அவள் நிற்கும்போது நானும் மூச்சை அடக்குகிறேன்.

கடைசிப் பெண்மேல் நீங்கள் வைக்கும் பிரியத்தில் கொஞ்சத்தை, சாகப்போகும் மற்றவர்களுக்கும் கொடுங்கள். சாவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். அம்மாவுக்குப் போன் செய்யட்டும், பிடிக்காத சட்டையைப் பற்றிப் புலம்பட்டும், நண்பனிடம் வாங்கிய கடனை மறைக்கட்டும். இதற்குக் காசே ஆகாது. பெயர்கூட மனதில் நிற்காத ஒருவன் செத்தால் எனக்குப் பயம் வருவதில்லை. அடுத்தது யார் என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். எண்ண வைத்துவிட்டீர்கள் என்றால் என்னை இழந்துவிட்டீர்கள்.

நான் முதலில் சொன்ன படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலை முழுக்கப் பார்த்தேன். மொத்தமே இருபது பெயர்தான் இருக்கும், அதிலும் சில திரும்பத் திரும்ப வந்தன. சமையலறையில் மூச்சை அடக்க முடியாமல் கிடந்த பெண்ணின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது: நடிப்பில் ஒன்று, உடையில் ஒன்று, சாப்பாடு ஏற்பாட்டில் ஒன்று. பின்னோக்கி ஓட்டி அந்த ஷாட்டை இன்னொரு முறை பார்த்தேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்