டோங்காட் குகையைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல லீவுக்குப் பார்க்க வேண்டிய டாகுமெண்டரின்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, நான் இங்க டர்பன்ல இருந்து ஆன்லைன்ல படிச்சேன். சினிமா நியூஸே ரொம்பி வழியற காலத்துல இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினதுக்கு முதல்ல நன்றி. ஆனா லிஸ்ட்ல பாதிக்கு மேல கொலை கேஸ், மீதியில பிரமிடு, டைனோசர், ஷார்க், கடைசியில குமரிக்கண்டம் கிடைச்சிடுச்சுன்னு சொல்ற ஒரு யூடியூப் வீடியோ. மனுஷன் எங்க இருந்து வந்தான்னு சொல்ற படம் ஒண்ணு கூட இல்ல, எகிப்தை விட்டா ஆப்பிரிக்கா பேரே அந்தப் பக்கத்துல வரல. அதான் எழுத உக்காந்தேன்.

டர்பன்ல இருந்து வடக்க ஒரு நாப்பது கிலோமீட்டர் போனா டோங்காட். 1860ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் வந்தப்புறம் அடுத்தடுத்து வந்த நம்ம ஜனங்க கரும்புக் காட்டுல பாடுபட்ட ஊரு அது, இன்னைக்கும் கோயிலும் காவடியுமா இருக்கற ஊரு. அந்த ஊர் ஆத்தங்கரைக்கு மேல ஒரு மணற்பாறைச் சரிவுல சிபுடுன்னு ஒரு குகை இருக்கு, சுத்தி கரும்புதான். 1998ல ஜோஹானஸ்பர்க் விட்ஸ் யுனிவர்சிட்டியில இருந்து லின் வாட்லிங்கற பேராசிரியை வந்து அங்க தோண்ட ஆரம்பிச்சாங்க. கடப்பாரை மண்வெட்டி வேலை இல்ல இது, சின்னக் கரண்டி, பிரஷ், சல்லடை, அவ்வளவுதான், ஒவ்வொரு படிவமா, அதாவது மண் அடுக்கா, கலர் பாத்து மண்ணைப் பிரிச்சு எடுத்து வருஷக்கணக்கா வேலை நடந்துச்சு.

அங்க கிடைச்சதுல தங்கம் கிடையாது, சிலை கிடையாது. கிடைச்சது படுக்கை. 77,000 வருஷத்துக்கு முந்தின படுக்கைங்க! கீழ ஆத்துல வளர்ற கோரையையும் நாணலையும் அறுத்து மேல தூக்கிட்டு வந்து பரப்பி, அது மேல ஒரு குறிப்பிட்ட மரத்தோட இலையை மெல்லிசா ஒரு அடுக்கு போட்டிருக்காங்க. க்ரிப்டோகாரியான்னு அந்த மரத்துக்குப் பேரு, பூச்சி கொசுவை விரட்டற சத்து அந்த இலையில இருக்கு. கைக்குக் கிடைச்ச இலையைப் போடல, இந்த இலைன்னு தெரிஞ்சு பறிச்சுப் போட்டிருக்காங்க. நான் திருநெல்வேலிக்காரன், பத்தமடையில கோரைப்பாய் நெய்யறதைப் பாத்து வளந்தவன், அதே கோரைக் குடும்பத்துச் செடியை மனுஷன் படுக்கறதுக்கு எடுத்த ரொம்பப் பழைய சாட்சி ஒண்ணு, நான் வேலைக்குப் போற ரோட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல இருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கறதுதான் இன்னும் அருமை. மண்ணைக் கட்டியா அறுத்து, ரெசின் ஊத்தி இறுக வச்சு, கண்ணாடி மாதிரி சன்னமா சீவி மைக்ராஸ்கோப்ல பாக்கறாங்க, அதுல மிதிபட்டு நசுங்கின தண்டு தெரியுது, எரிஞ்ச சாம்பல் தெரியுது. ஒரே இடத்துல குறைஞ்சது பதினஞ்சு படிவத்துல படுக்கை போட்டிருக்காங்க, சுமார் 73,000 வருஷத்துக்கு முன்னால இருந்து பழைய படுக்கையை அடிக்கடி கொளுத்தியிருக்காங்க, பூச்சி சாகும் இடமும் சுத்தமாகும்னு. 2011ல சயின்ஸ் இதழ்ல இதெல்லாம் வந்துச்சு. போக, காவிக்கல் பொடியையும் செடிப் பிசினையும் கலந்து பசை செஞ்சு கல் முனையை கம்புல ஒட்டியிருக்காங்க, 60,000 வருஷத்துக்கும் முந்தின எலும்பு முனை ஒண்ணு அம்பு நுனியா இருக்கலாம்னு சொல்றாங்க. 2024 ஜூலையில டெல்லியில நடந்த யுனெஸ்கோ கூட்டத்துல இந்தக் குகையை இன்னும் ரெண்டு தென்னாப்பிரிக்க இடங்களோட சேர்த்து உலக பாரம்பரியப் பட்டியல்ல ஏத்தினாங்க. நம்ம தலைநகர்ல எடுத்த முடிவு, ஆனா தமிழ்ல இதைப் பத்தி உருப்படியா ஒரு வீடியோ என் கண்ணுல படல.

கொலை கேஸ் படம்தான் ஓடும்னா அதுக்கும் இங்க சரக்கு இருக்கு. 1924ல டாங்ங்கற ஊர்ல சுண்ணாம்புக் குவாரியில மனுஷனுக்கு முந்தின ஆதி இனத்துக் குழந்தை ஒண்ணோட மண்டையோடு கிடைச்சுது, மூணு நாலு வயசுதான் இருக்கும், 25 லட்சம் வருஷத்துக்கும் முந்தினது. ரேமண்ட் டார்ட்ங்கற உடற்கூறியல் பேராசிரியர் 1925ல இது மனுஷனோட மூதாதை இனம்னு எழுதினப்ப உலகமே நம்பல, மனுஷன் ஐரோப்பாவிலயோ ஆசியாவிலயோதான் வந்திருப்பான்னு இருந்தாங்க. அந்தக் குழந்தை எப்படிச் செத்துச்சு? சிறுத்தை மாதிரி ஏதாவது மிருகம்னுதான் நினைச்சாங்க. 1995ல பெரிய கழுகா இருக்கும்னு ரெண்டு பேர் சொன்னாங்க, 2006ல கண்குழிக்குள்ள இருந்த கீறலையும் ஓட்டையையும், இப்ப கழுகு அடிச்ச குரங்கு மண்டையோட்டுல இருக்கற தடத்தையும் ஒப்பிட்டுப் பாத்தா ரெண்டும் ஒத்துப்போச்சு. அதே மாதிரி வேட்டையாடற க்ரவுன்ட் ஈகிள் இன்னைக்கும் டர்பன் நகரத்துக்குள்ளயே யூகலிப்டஸ் மரத்துல கூடு கட்டுது, குரங்கையே தூக்கிட்டுப் போகும். கோயில் ஹால்ல சனிக்கிழமை நான் தமிழ் சொல்லித் தர்ற பசங்ககிட்ட இதைச் சொன்னேன், அரைகுறைத் தமிழ்ல கேள்வி மேல கேள்வி, அம்மா பாத்துட்டு இருந்துச்சா சார், அழுதுச்சா சார்னு ஒரு பொண்ணு கேட்டா. அ, ஆ, இன்னு நடத்தறப்ப அந்தக் கண்ணு அப்படி விரியறதில்ல.

ஆப்பிரிக்கா பத்தின படம்னாலே கண்ணை மூடிட்டு சிபாரிசு பண்ணுங்கன்னும் நான் சொல்லல. 2013ல ஜோஹானஸ்பர்க் பக்கம் ரைசிங் ஸ்டார் குகையில ஹோமோ நலேடிங்கற ஆதி மனுஷ இனத்தோட எலும்புங்க கிடைச்சுது, பதினெட்டு சென்டிமீட்டர் இடுக்குல நுழையறதுக்கு ஒல்லியான பெண் ஆராய்ச்சியாளருங்களாத் தேடி எடுத்து உள்ள அனுப்பினாங்க, அது உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. ஆனா 2023ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த படம், நம்ம மூளையில மூணுல ஒரு பங்கு மூளை இருந்த அந்த உயிரினம் செத்தவங்களைப் புதைச்சுதுன்னு அடிச்சு சொல்லுச்சு, அதே மாசம் அந்தக் குழுவோட ஆராய்ச்சிக் கட்டுரையைப் பரிசோதிச்ச நிபுணருங்க ஆதாரம் பத்தாதுன்னு எழுதினாங்க. படம் பாத்தவங்க எத்தனை பேருக்கு அது போய்ச் சேர்ந்துச்சு?

குமரிக்கண்டம் வீடியோ விஷயத்துல எனக்கு மனசே ஆறல. மொரீஷியஸ் எரிமலைப் பாறைக்கு வயசு 90 லட்சம் வருஷத்துக்கு மேல போகாது, ஆனா அதுக்குள்ள 300 கோடி வருஷப் பழசான சிர்கான்ங்கற கனிமத் துகள் இருக்குன்னு 2017ல இதே விட்ஸ் யுனிவர்சிட்டி லூயிஸ் ஆஷ்வால் குழு சொல்லுச்சு. அதாவது தீவுக்கு அடியில ஒரு பழைய கண்டத்துத் துண்டு இருக்கு, டைனோசர் காலத்துல பிரிஞ்ச துண்டு. அப்ப மனுஷனே கிடையாது, தமிழ்ச்சங்கம் எங்க இருந்து வரும்? அந்த ஆராய்ச்சியைத்தான் குமரிக்கண்டத்துக்கு ஆதாரம்னு தம்ப்நெயில் போட்டு விக்கறாங்க, அதை நம்ம பேப்பர் சிபாரிசு பண்ணலாமா ஐயா? கீழடியில குழி ஓரமா நின்னு உறைகிணறையும் பானை ஓட்டையும் கண்கொட்டாம பாத்துட்டு வர்ற ஜனங்க நம்ம ஜனங்க, உண்மையைச் சொன்னா புரியாதவங்க இல்ல.

அடுத்த தடவை லிஸ்ட் போடறப்ப ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் இது யார் ஆராய்ச்சி, மத்த நிபுணருங்க ஒத்துக்கிட்டாங்களான்னு ரெண்டு வரி சேத்துடுங்க. சிபுடு பத்தி தொல்லியல் தெரிஞ்ச யாரையாவது வச்சு தமிழ்ல ஒரு கட்டுரை போடுங்க, படுக்கைப் படிவம் போட்டோவோட பெருசா. வந்த அன்னைக்கே பிரிண்ட் எடுத்து டோங்காட் பசங்களுக்குக் குடுத்துடறேன், சத்தம் போட்டு வாசிக்கச் சொல்றதுக்கு எனக்கும் ஒரு நல்ல பாடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
டர்பன் வாசகர், தென்னாப்பிரிக்கா