மாதர் சங்கத்தின் 2025 ஆம் ஆண்டறிக்கை: சமையல், போத்தலடைப்பு, வீட்டுச் சிக்கனம்

தலைவி அவர்களுக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பொதுக்கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் வாசிக்க வேண்டும் என்று கேட்டதால் அறிக்கையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் அதற்குள் போகவில்லை. டிசம்பர் தவிர எல்லா மாதமும் கூட்டம் நடந்தது. திருகோணமலையில் உப்புவெளி, பாலையூற்று, உவர்மலை, திருக்கடலூர்ப் பக்கத்து அங்கத்தவர்கள் தவறாமல் வந்தார்கள். கிண்ணியாவிலிருந்து வருகிறவர்களுக்குப் பின்னேரக் கூட்டம் வசதிப்படவில்லை என்பதால் நடுவில் காலை நேரத்துக்கு மாற்றினோம். நல்ல மாற்றம், தொடர வேண்டும்.

ஆண்டு தொடங்கியதே தேங்காய் விலையோடுதான். ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். சொதி, சம்பல், பால்கறி, புட்டுக்குப் பூ என்று விடிந்ததிலிருந்து படுக்கும் வரை தேங்காயை நம்பியிருக்கிற வீடுகள் நம்முடையவை. அதனால் ‘இன்றைக்கு என்ன கறி’ என்று யோசிப்பதை விட்டுவிட்டு, ‘இந்தக் கிழமைக்கு எத்தனை தேங்காய்’ என்பதிலிருந்து சாப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கலாம் என்று பெப்ரவரிக் கூட்டத்தில் பேசினோம். தேங்காய் எத்தனை என்று முடிவானால் பால்கறி எத்தனை நாள், புளிக்குழம்பு எத்தனை நாள், ரசத்தோடு சமாளிப்பது எந்த நாள் என்பதெல்லாம் தானாகவே விழுந்துவிடும்.

இதைச் சொன்னபடியே செய்து காட்டியவர் அன்புவழிபுரத்திலிருந்து வரும் ஒரு தங்கச்சி. வீட்டில் ஐந்து பேர், கிழமைக்கு நான்கு தேங்காய் என்று கணக்கு வைத்துக்கொண்டார். அவருடைய சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கத்தை எல்லோரும் சுற்றிப் பார்த்தோம். திங்கட்கிழமைக்கு ‘அரைத் தேங்காய்: முதற்பால் கத்தரிக்காய்க்கு, இரண்டாம் பால் சொதிக்கு, பிழிந்த பூ நாளைக் காலை ரொட்டிக்கு’ என்று இருந்தது. செவ்வாய்க்கு ‘தேங்காய் இல்லை: சூடை மீன் புளிக்குழம்பு, முருங்கையிலை, பருப்பு தாளித்தது’. சனிக்கிழமைக் கட்டத்தில் ‘மிச்சம்’ என்று ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்தான் என்னைப் பொறுத்தவரை முழுப் பக்கத்திலும் பெரிய விஷயம், ஏனென்றால் ஏழு நாளுக்கும் புதுக்கறி எழுதி வைத்தால் மிஞ்சினதெல்லாம் பிரிஜ்ஜில் கிடந்து ஞாயிற்றுக்கிழமை குப்பைக்குத்தான் போகும், மிச்சத்துக்கென்று ஒரு நாளை விட்டு வைத்தால் அந்த நாள் சந்தைக்கே போகத் தேவையில்லை. பிழிந்த பூவை எறிகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவு செய்து எறியாதீர்கள், ரொட்டி மாவிலோ கீரைச் சுண்டலிலோ சேர்த்தால் பாதித் தேங்காய்க்காவது சமமாக வேலை செய்யும்.

மே மாதம் உப்புத் தட்டுப்பாடு வந்தது. புத்தளம், அம்பாந்தோட்டைப் பக்கம் மழையால் உப்பு விளைச்சல் கெட்டு, நிலாவெளியில் உப்பளம் வைத்திருக்கிற நாங்களும் கடை கடையாக உப்புத் தேடினோம். இந்த உப்பு விஷயம் நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வலித்தது. கறிக்குப் போடுவது ஒரு பிடி, ஆனால் கருவாட்டுக்கு மூன்று அல்லது நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு வேண்டும். ஊறுகாய்க்கும் அப்படித்தான், உப்பைக் குறைத்தால் ஊறுகாய் மிஞ்சாது, பூஞ்சணம்தான் மிஞ்சும். அதனால் அந்த மாதத் தேசிக்காய் ஊறுகாய் வகுப்பை ஒத்தி வைத்து, உப்பு வந்த பிறகு நடத்தினோம். நாலாகப் பிளந்து, அடி பிரியாமல் உப்பு அடைத்து, சாடியில் ஊற விட்டு, பிறகு வெயிலில் நிறம் மாறும் வரை காய வைக்கிற பழைய முறைதான். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலை முற்றத்தில் காய்வது போல வேறெங்கும் காயாது என்பது என் நம்பிக்கை.

மாம்பழக் காலத்தில் போத்தலடைப்பு வகுப்பு நடந்தது. அதிகம் பேர் வந்தது இதற்குத்தான். பழச்சதைக்குச் சம அளவு சீனி, தேசிப்புளி, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்கும் பொறுமை, இவ்வளவும் இருந்தால் ஜாம் வந்துவிடும். விளாம்பழத்தில் ஜாமை இறுக வைக்கிற பெக்டின் என்ற பொருள் இயல்பாகவே நிறைய இருப்பதால் அது சீக்கிரம் இறுகிவிடுகிறது, மாம்பழம் அப்படியில்லை, குளிர்ந்த பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்த்து, சுருங்குகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே இறக்க வேண்டும். போத்தலைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, சூடாக இருக்கும்போதே சூடான ஜாமை ஊற்றி, கழுத்தில் கால் அங்குலம் இடம் விட்டு மூடி, மறுபடி மூழ்கும் அளவு தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விடுகிறோம். தக்காளிக்கு இது போதாது. தக்காளியின் புளிப்பு எல்லைக்கோட்டில் இருப்பதால் அரை லீற்றர் போத்தலுக்குக் கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டு, 35 நிமிடம் கொதிக்க விட வேண்டும். ஓர் அங்கத்தவர் தன் அக்கா நுவரெலியாவில் இருப்பதாகவும் இதே நேரத்தைச் சொல்லிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். அங்கே உயரம் கூட என்பதால் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், கடல்மட்டத்தில் இருக்கிற நம்முடைய நேரம் அவருக்குக் காணாது, கூட்டித்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், வருடம் முழுக்க நாம் அதிகம் விவாதித்த விஷயத்துக்கு வருகிறேன். கடல் அமைதியாக இருந்து சூரையும் கும்பளாவும் மலிந்து கிடந்த மாதங்களில், மீன் குழம்பு வைத்துப் போத்தலில் அடைத்து நன்றாகக் கொதிக்க வைத்து மாரிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று பல பேர் கேட்டார்கள். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காமல் போனால் மீன் விலை எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிர்வாகக் குழு அதற்கு மறுத்தது. சிலருக்கு மனவருத்தம் என்றும் கேள்விப்பட்டேன், அதனால் காரணத்தை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

1810 இல் பிரான்சில் நிக்கொலா அப்பேர் என்பவர் உணவைப் போத்தலில் அடைத்துக் கொதிக்க வைத்துக் காப்பாற்றும் முறைக்காக அரசாங்கத்திடம் 12,000 பிராங் பரிசு வாங்கினார். அது ஏன் கெடாமல் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தெரியாது, பிறகு விஞ்ஞானி பாஸ்டர் வந்து நுண்ணுயிரைக் காட்டிய பிறகுதான் விளங்கியது. நமக்கு இன்றைக்குத் தெரியும். குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து, கொதிக்கிற தண்ணீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த போத்தல்தான் அதற்கு ஏற்ற இடம், அங்கே முளைத்து நஞ்சை உண்டாக்கும். மணம் மாறாமல், ருசி மாறாமல் இருக்கலாம். சாப்பிட்டவருக்குக் கண் மங்கி, இமை தொங்கி, பேச்சுக் குழறி, கடைசியில் மூச்சு விடுகிற தசைகளே வேலை செய்யாமல் போகும். புளிப்பை அளக்கிற எண்ணுக்கு பி.எச். என்று பெயர், எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். அது 4.6 க்குக் கீழே இருக்கிற புளிப்பில் அந்தக் கிருமி முளைக்காது, அதனால்தான் ஜாமையும் ஊறுகாயையும் தைரியமாக அடைக்கிறோம். மீன், இறைச்சி, பருப்பு, அவரை, தேங்காய்ப்பால் எல்லாம் அந்த அளவுக்கு மேலே. குழம்பில் பழப்புளி விட்டிருக்கிறோமே என்று கேட்டார்கள். குழம்பில் விட்ட புளி மீன் துண்டின் நடுவரைக்கும் எவ்வளவு போயிருக்கிறது என்று அடுப்படியில் நின்று அளக்க நம்மிடம் வழியில்லை.

சரி, பிரஷர் குக்கரில் வைத்தால்? இதையும் கேட்டார்கள். டின்மீன் தொழிற்சாலையில் அழுத்தத்தில் சுமார் 120 பாகை வரை சூடாக்குகிறார்கள். வீட்டில் அடைப்பதற்கென்றே செய்த அழுத்தப் பாத்திரத்தில்கூட அரை லீற்றர் மீன் போத்தலுக்கு 100 நிமிடம் வேண்டும். நாம் பருப்பு அவிக்கிற குக்கரில் அழுத்தம் காட்டும் மானி இல்லை, சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும், அதில் மீன் போத்தலுக்கு எவ்வளவு நேரம் என்று ஒருவரும் சோதித்து எழுதி வைக்கவில்லை. விசில் எண்ணி இதைச் செய்ய முடியாது. சங்கத்தின் பெயரில் சொல்லிக் கொடுக்கிற ஒரு முறையால் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது, இதில் நான் இறங்கி வரவே மாட்டேன்.

மீனுக்கு நமக்கு வேறு வழி இருக்கிறது. திருக்கடலூர் அக்காமார் செப்டெம்பரில் கருவாடு போடக் காட்டித் தந்தார்கள். நிலத்தில் பரப்பாமல் இடுப்பளவு உயரத் தட்டியில், மேலே நுளம்பு வலை போட்டு, உட்புறம் மேலே பார்க்க விரித்து வைத்தார்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தடித்த இடத்தைப் பெருவிரலால் அமுக்கினார் ஒருவர், பள்ளம் விழுந்தது, ‘இன்னும் ரெண்டு வெயில்’ என்று சொல்லித் திருப்பிப் போட்டார். புளிப்புக்குக் கொறுக்காய் போட்டு வற்ற வைக்கிற சூரைக்கறியையும் செய்தார்கள். அது சில நாளுக்குத் தாங்கும், மாதக்கணக்கில் வைப்பதற்கில்லை. இன்னொன்றையும் அவர்களே அழுத்திச் சொன்னார்கள்: சூரை, கும்பளா வகை மீனைக் கரையில் வாங்கின உடனே ஐஸில் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நஞ்சுப் பொருள் உண்டாகும், பிறகு வறுத்தாலும் அவித்தாலும் உப்புப் போட்டாலும் அது போகாது, தின்றவருக்கு முகம் சிவந்து உடம்பு தடிக்கும், தலையிடிக்கும். மலிவு என்று மத்தியானம் கடைசியாக மிஞ்சின மீனை வாங்கிக் கருவாடு போடுவது சிக்கனமே இல்லை.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் பட்ட பாட்டை நான் எழுதத் தேவையில்லை, நமது அங்கத்தவர்களின் சொந்தக்காரர்களே அங்கே இருந்தார்கள். பாதைகள் அறுந்து தம்புள்ளை மரக்கறி லொறி வராமல், கரண்ட் இல்லாமல் இருந்த அந்த நாட்களில் நமது வீடுகளில் அலுமாரியில் இருந்ததுதான் கை கொடுத்தது. பிரிஜ்ஜை நம்பியவர்களுக்கு மீனும் போய் இறைச்சியும் போயிற்று. நாம் சேர்த்து அனுப்பிய நிவாரணப் பொதிகளிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டோம். வடகமும் கருவாடும் மோர்மிளகாயும் நல்ல சாமான்கள், ஆனால் அவற்றுக்கு எண்ணெயும் நெருப்பும் வேண்டும், தண்ணீருக்குள் இருக்கிற வீட்டில் அடுப்பு எங்கே மூட்டுவது? ஜாம் போத்தல், அவல், பனங்கட்டி, வறுத்த கச்சான் கடலை, இவைதான் அன்றைக்கே பிள்ளைகளின் கைக்குப் போயின. இனிமேல் ஒவ்வொரு வீட்டிலும் மாரிக்கு முன் நெருப்பில்லாமல் சாப்பிடக்கூடிய மூன்று நாள் சாப்பாட்டைத் தனியாக ஒரு வாளியில் வைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். அந்தப் பொதிகளைக் கட்டிய தம்பிமாருக்கும் லொறி தந்தவருக்கும் இந்தக் கூட்டத்தில் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

குறைகளும் உண்டு. மூடி பெரிய தலையிடி. கடற்காற்றில் தகர மூடி ஒரு மாரிக்குள் துருப்பிடித்துவிடுகிறது, துருப்பிடித்ததையும் நெளிந்ததையும் திரும்பப் பாவித்தால் காற்றுப் புகும். புது மூடிக்கு ஓர் இடத்தில் முற்பணம் கட்டி, வந்ததைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் வாயளவு பொருந்தவில்லை, திருப்பி எடுக்கவும் இல்லை. இளம் அங்கத்தவர்கள் குறைவாக வருவதும் கவலைதான். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு வசதியாக ஒரு ஞாயிறு வகுப்பாவது வைக்க வேண்டும், பத்து நிமிடத்தில் செய்கிற காலைச் சாப்பாடு பற்றி அவர்கள் கேட்டபடியே.

வருகிற ஆண்டுக்கு நிர்வாகக் குழு யோசித்திருப்பது மூன்று காரியம். பருப்பு, கடலை, செத்தல் மிளகாய் ஆகியவற்றை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வது, தேங்காய்க் கணக்கோடு கிழமைத் திட்டம் எழுதுகிற கொப்பியை எல்லா வீட்டுக்கும் கொடுப்பது, புது மூடி வாங்குவது. மூடியை இந்த முறை அளந்துதான் வாங்குவோம். வேண்டியவர்கள் தங்கள் போத்தலின் வாயைக் குறுக்காக மில்லிமீற்றரில் அளந்து, எத்தனை வேண்டும் என்பதையும் எழுதி, மாம்பழக் காலத்துக்கு முன், சித்திரைக் கூட்டத்தில் என்னிடம் தாருங்கள்.

செயலாளர்