நம் தெருவைத் தோண்டப் போகிறார்கள்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கடையைச் சாத்தியதும் தினமும் ஏதாவது ஒரு கூட்டம், அதனால்தான் உடனே பதில் போட முடியவில்லை. உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததில் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்து, விபூதியை மடித்து சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். வரும்போது மறக்காமல் வாங்கிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவை மாற்றிக் கட்டப் போகிறார்கள். நம் வேலூர் மெயின் பஜாரிலிருந்து திரும்புகிற முனை தொடங்கி நாம் டியூஷன் படித்த வீடு வரைக்கும் முழுசாகத் தோண்டி, புது மழைநீர்க் கால்வாய், தரைக்கடியில் கரண்ட் கேபிள், இரண்டு பக்கமும் அகலமான நடைபாதை, நடுவில் வண்டி ஒருவழியாகப் போக சின்னப் பாதை. காலை 10 மணியிலிருந்து இரவு 8 மணி வரை வண்டியே விடக்கூடாது என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. படத்தைக் காட்டினார்கள். மரமும் பெஞ்சும் விளக்குமாக அழகாகத்தான் இருந்தது, பார்த்ததும் எனக்கு ஆசையாகவும் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். ஆனால் அந்தப் படத்தில் எங்கே தேடியும் லோடு இறக்குகிற வண்டி ஒன்றுகூட இல்லை.

நம் பாத்திரக் கடைக்கு எவர்சில்வர் லோடு சென்னையிலிருந்து பார்சல் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து குட்டியானை வண்டியில் வருகிறது. பார்சல் ஆபீஸ் திறப்பதே பத்து மணிக்குத்தான். அண்டாவையும் குத்துவிளக்கையும் தெருமுனையில் இறக்கி ஆளை வைத்துச் சுமந்துவந்தால் கூலிக்கே லாபம் போய்விடும். அணைக்கட்டு, ஊசூர், ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து சீர்வரிசை எடுக்க வருகிறவர்கள் குடும்பத்தோடு வேன் பிடித்து வருகிறார்கள், வேனைக் கோட்டைப் பக்கம் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வா என்றால் அடுத்த முறை ஊருக்கு வெளியே பார்க்கிங் உள்ள கடையாகப் பார்த்துப் போய்விடுவார்கள்.

அப்புறம் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிற ஜனங்கள். நீ இங்கே இருந்த காலத்தைவிட இப்போது அவர்களை நம்பித்தான் பாதி வியாபாரம். வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, காந்தி ரோட்டிலும் பாபுராவ் தெருவிலும் லாட்ஜ் எடுத்து, வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு கடாய், ஒரு சின்ன குக்கர், நாலு தட்டு, அதுதான் அவர்கள் கணக்கு. "கொத்தோ தாம்?" என்று கேட்டால் வங்காளத்திலேயே விலை சொல்லக் கற்றுக்கொண்டேன். அவர்களுக்கு என் கடைப் பேர் தெரியாது, நடந்து போகும்போது கண்ணில் பட்டால் வாங்குவார்கள். முனையில் தகரம் அடித்து மறைத்துவிட்டால் பகல் இரண்டு மணி வரைக்கும் போணி ஆகாது. இதைத்தான் அதிகாரிகளிடம் சொன்னேன். "வேலை முடிந்தால் கூட்டம் இரண்டு மடங்கு வரும்" என்றார்கள். வரலாம். அதுவரைக்கும் வாடகையை யார் கொடுப்பது?

இந்தப் பயம் ஒரு நாளில் வந்ததும் இல்லை. 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்றார்கள், அடுத்த வருஷம் ஜிஎஸ்டி, 2020இல் ஊரடங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நகை அடகுக்குப் போனது, சிலது திரும்பி வரவே இல்லை. வேலையைப் பற்றிய நம்பிக்கையும் அப்படித்தான். 2022இல் இதே மெயின் பஜார் பக்கம், நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் சக்கரத்தோடு சேர்த்து சிமெண்ட் ரோடு போட்டது நாடு முழுக்கப் படமாகப் போனதே, அதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஆறு மாசத்தில் முடிப்போம் என்று சொன்னபோது கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வியே அந்தப் பைக்தான்.

போன செவ்வாய்க்கிழமை வியாபாரிகள் சங்கக் கூட்டம் நடந்தது. ஒருநாள் கடையடைப்பு, கறுப்புக் கொடி, கலெக்டர் ஆபீசில் மனு என்று முடிவு. மனுவின் முதல் வரி: "திட்டத்தையே கைவிட வேண்டும்." நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்ட அன்றிலிருந்து மனசு சரியில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக உனக்கு எழுதுகிறேன்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஓடியதே, அந்த மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டுச் சரக்கெல்லாம் அட்டைப்பெட்டியோடு ஊறிப் போய், வெங்கலச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்தே பத்து நாள் போனது. மறுநாள் கால்வாயைச் சுத்தம் செய்ய வந்தவர்களால் ஒரு பலகைக் கல்லைக்கூடத் தூக்க முடியவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கடைக்காரரும் கால்வாய்மேல் படியைக் கட்டி சிமெண்ட் பூசி வைத்திருக்கிறோம். என் கடைப் படியும் அப்படித்தான். 1991இல் அப்பா கட்டினார், நாம் இரண்டு பேரும் ப்ளஸ் டூ லீவில் மணல் அள்ளிக் கொட்டினோம், ஞாபகம் இருக்கிறதா? அப்போது பெருமையாக இருந்தது. தண்ணீரை உள்ளே விட்டது அந்தப் படிதான் என்று அந்த மழையில்தான் புரிந்தது. இப்படி இருக்கும்போது கால்வாயே வேண்டாம் என்று நான் எப்படி மனு கொடுப்பேன்?

கூட்டத்திலேயே எழுந்து இதைச் சொன்னேன். கைவிடச் சொல்ல வேண்டாம், பத்துப் பத்துக் கடையாகத் தோண்டச் சொல்வோம், ஒரு பகுதியை மூடி முடித்த பிறகு அடுத்ததைத் தொடட்டும், தீபாவளிக்கும் ஆவணி, தை முகூர்த்தத்துக்கும் ஜேசிபி வரக்கூடாது, ஆடியிலும் மார்கழியிலும் எவ்வளவு வேண்டுமானாலும் வேலை செய்யட்டும், லோடு வண்டிக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் விடட்டும், நாங்களும் படிகளை எடுத்துக்கொள்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் "நீ யார் பக்கம்?" என்றார். முப்பது வருஷமாகப் பக்கத்துக் கடை, என் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறியவர். ராத்திரி தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மனுவின் நாலாவது வரியில் நடைபாதைக் கடைகளை முதலில் அகற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். முனையில் உட்காருகிற பூக்கார அக்காவை உனக்குத் தெரியும், நாம் பள்ளிக்கூடம் போகும்போதே அங்கே இருந்தவர், இப்போது மகளும் கூட உட்காருகிறாள். 2014ஆம் வருஷத்துச் சட்டப்படி தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும் வரை யாரையும் எழுப்பக் கூடாது. இதைக் கவனிக்கிற நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது அவர்களாகவே இருக்க வேண்டும், அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதை அக்காவிடம் சொன்னேன். கூடைக்கு அடியில் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்திருந்த தன் அட்டையை எடுத்துக் கொடுத்து, "இதுல என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிச்சு சொல்லு" என்றார். இத்தனை வருஷமாக அதை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. எங்கள் வாடகைக்காக நாங்கள் தெருவில் நிற்கும்போது அவரைத் தெருவிலிருந்து எழுப்பச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வரியை எடுக்காவிட்டால் என் கையெழுத்தை அடித்துவிடுங்கள் என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். உங்கள் சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் இதே மாதிரி பெரிய நடைபாதை திறந்தார்கள் அல்லவா, உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். சாயங்காலம் ஒருமுறை போய்ச் சின்னக் கடைக்காரர்களிடம் விசாரி, பெரிய ஜவுளிக்கடைகள் வேண்டாம், அவர்கள் எதையும் தாங்கிவிடுவார்கள். தோண்டிக் கிடந்த மாசங்களில் கட்டட உரிமையாளர்கள் யாராவது வாடகையைக் குறைத்தார்களா, இப்போது லோடு எத்தனை மணிக்கு இறக்குகிறார்கள், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது, முன்பு நடைபாதையில் கடை போட்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். நல்லது கெட்டது இரண்டையும் அவர்கள் சொன்னபடியே சொல்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறார்கள், அதற்குள் ஒரு போன் பண்ணினால் போதும். நான் தனியாக எழுதிய மனுவையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, படியை இடிக்க மேஸ்திரியை வரச் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

என்றும் உன் நண்பன்,
வேலூரிலிருந்து