ஜாமீன் கையெழுத்து

பாளையங்கோட்டை,
வியாழக்கிழமை இரவு.

அன்பு மகள் கோமதிக்கு, அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் கண்ணுக்கு இன்னும் பத்து நாள் சொட்டு மருந்து விட வேண்டும். மற்றபடி சொல்லும்படியாக ஒன்றுமில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ அழைக்காததற்கு வேலை மிகுதிதான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்பீடு போஸ்ட்டில் இரண்டு உறைகள் வந்தன, உன் பெயருக்கு ஒன்று, என் பெயருக்கு ஒன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு, பிரிக்காமலேயே அது என்னவென்று தெரிந்துவிட்டது. ஜெர்மனியில் ஆறு வாரப் பயிற்சி பெற்றதற்கு ஈடாக மூன்று ஆண்டுகள் பணியாற்றுவதாக ஒப்புக்கொண்ட நீ, பதினெட்டே மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டபடியால், பாண்டில், அதாவது நீ எழுதிக்கொடுத்த ஒப்பந்தப் பத்திரத்தில், கண்ட நான்கு லட்சம் ரூபாயைப் பதினைந்து நாளுக்குள் செலுத்த வேண்டுமாம். பெற்ற மகள் வேலையை விட்ட செய்தியை நான் ஒரு நோட்டீஸில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

முதலில், பயந்துபோய் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. "தவணையில் கட்டிவிடுகிறேன்" என்று ஒரு வரி மின்னஞ்சல்கூட அனுப்பாதே. பாண்டில் எழுதிய தொகை அப்படியே கொடுத்தாக வேண்டிய கடன் அல்ல. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74-இன்படி அது உச்ச வரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான ஈட்டுத்தொகை எவ்வளவு என்பதை நீதிமன்றம் பார்க்கும். 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில் பாண்டு இரண்டு லட்சம். பயிற்சிக்கு ஆன செலவோ 67,596 ரூபாய். அந்த ஊழியர் மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருந்தபடியால் கம்பெனிக்குக் கடைசியில் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு, 22,532 ரூபாய். ஆகவே விமானக் கட்டணம், விசா, தங்குமிடம், பயிற்சிக் கட்டணம் எனச் செலவுக் கணக்கை ரசீதுகளோடு எழுத்தில் கேட்க வேண்டும். நீ பாதிக் காலம் உழைத்திருக்கிறாய்.

அதற்காக, பாண்டெல்லாம் செல்லாது என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்வதையும் நம்பாதே. மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அது அரசு வங்கியாக இருந்தது. மறுபடி தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவை அங்கே கருத்தில் கொண்டார்கள், உன் கம்பெனிக்கு அப்படியே பொருந்தாது. உன்னை மீண்டும் வேலைக்கு வரச்சொல்லி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள் என்ற பெயர் வரக் கூடாது. பொறுப்பை ஒப்படைத்து, பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டரைக் கேட்டுக் கடிதம் கொடு. அவர்கள் நீட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதே.

இதை இத்தனை முறை சொல்லும் நான், என் பெயருக்கு வந்த உறையைப் பிரித்த பிறகுதான் ஜாமீன்தாரர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் பார்த்தேன். கடன்பட்டவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று எத்தனை கட்சிக்காரர்களுக்குச் சொல்லியிருப்பேன்! வரிக்கு வரி வாய்விட்டுப் படிக்காமல் ஒருவரையும் கையெழுத்திட விட்டதில்லை. அந்தத் தீபாவளியன்று நீ தாளை நீட்டியபோது மட்டும் கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. நம் குடும்பத்தில் முதலில் விமானம் ஏறப்போகிறவள் நீ. மேலத்தெரு அத்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன். "மூன்று வருஷம் என்று போட்டிருக்கிறதே அப்பா" என்றாய். கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்றேன். அந்த வேலையில் நீடிக்க முடியுமா என்ற தயக்கம் உனக்கு அன்றே இருந்ததோ என்னவோ, நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது.

பாண்டின் நகலையும் பயிற்சிக்குப் போனபோது கொடுத்த தாள்களையும் அனுப்பு. பதில் வரைவை நான் தயாரித்து நம் பழைய வக்கீல் சாரிடம் காட்டுகிறேன். ஏன் விலகினாய் என்று அதில் எழுத வேண்டிய தேவையே இல்லை.

நோட்டீஸைப் பழைய டைரிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது இதைப் பேசாதே; அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள்.

இப்படிக்கு,
அப்பா